ஒரு தம்ளர் காப்பியின் ஐந்தொகை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்துப் பழைய வீடுகளில் அடுப்படி அலமாரியைத் திறந்தால், காப்பி போடும் சாதனங்கள் தலைமுறை வாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சீர்ச் சாமானோடு வந்த கனத்த பித்தளை ஃபில்டர் அடித்தட்டில் இருக்கும். அன்றாடப் புழக்கத்துக்கான எவர்சில்வர் ஃபில்டர் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். மேல்தட்டில் இருப்பவை, வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் திருமணத்துக்கோ படைப்புக்கோ (முன்னோருக்குப் படையலிடும் குலச் சடங்கு) ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து, திரும்பும்போது பெட்டியில் இடமில்லாமல் விட்டுச் சென்றவை: இத்தாலிய மோக்கா பாத்திரம், கண்ணாடிக் குடுவையில் ஊறிய தூளைச் சல்லடையால் அமுக்கும் பிரெஞ்சு பிரஸ், காகிதம் வைத்து ஊற்றும் பீங்கான் கூம்பு, ஒரு கோப்பைக்கான தூளை அடைத்த சிறு சிமிழிலிருந்து காப்பி இறக்கும் கேப்சூல் இயந்திரம். பர்மாத் தேக்கும் ஐரோப்பிய எனாமல் பாத்திரங்களும் கப்பலேறி வந்திறங்கிய ஊர்களுக்கு இது புதிய வழக்கமன்று.

எங்கள் வீட்டிலும் இவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துவிட்டன. விடுமுறைக்கு வந்திருந்த என் மருமகன் (ஆச்சி என்று நாங்கள் அழைக்கும் என் அக்காவின் மகன்) ஒருநாள் அலமாரி முன் நின்று, “அம்மான், இதுல எதுதான் பூமிக்குக் கெடுதல் கம்மியாப் பண்ணும்?” என்று கேட்டான். அவன் எதிர்பார்த்தது ஒரு பாத்திரத்தின் பெயரை. பேரேட்டிலும் ஐந்தொகையிலும் வளர்ந்த ஊரில் அப்படி ஒற்றைப் பெயரைச் சொல்லித் தப்பித்துவிட முடியாது; வரவு செலவை எழுதிப் பார்த்தாக வேண்டும். எழுதிப் பார்த்ததில், அவன் கேட்ட கேள்விக்கான விடை பாத்திரத்தில் மிகக் கொஞ்சமும், பாத்திரத்துக்குள் நாம் அள்ளிப் போடுவதில் மிக அதிகமும் இருப்பதாகத் தெரிந்தது.

கணக்கின் அலகாக நம் வழக்கமான ஒரு தம்ளரையே எடுத்துக்கொள்கிறேன்: 40 மில்லி டிகாஷன், 100 மில்லி பால். 30 கிராம் தூளைப் போட்டு 200 மில்லி வெந்நீர் ஊற்றினால், தூள் தன் எடையைப் போல் இரு மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டு, 140 மில்லி அளவுக்கு டிகாஷனைத் தரும். அது மூன்றரைத் தம்ளருக்குப் போதும். ஆகத் தம்ளருக்கு எட்டு, எட்டரைக் கிராம் தூள். அதில் 30 விழுக்காடு சிக்கரி என்றால், உண்மையான காப்பி ஆறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. இந்த ஆறு கிராமை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மற்ற முறைகளை இதனோடுதான் ஒப்பிடப் போகிறேன்.

ஃபில்டரின் இயக்கம் எளிமையானது. மேல் அடுக்கின் அடியில் நுண்துளைகள்; அதில் தூளைப் போட்டு, குடைபோல் காம்பு வைத்த தட்டால் மெல்ல அமுக்கி, கொதித்து அடங்கிய நீரை ஊற்றி மூடிவிட்டால், பிறகு வேலை செய்வது புவியீர்ப்பு மட்டுமே. டிகாஷன் இறங்கக் கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். சிக்கரி கூடினால் இன்னும் தாமதமாகும். இந்த நிதானத்தில்தான் அதன் சிக்கனம் இருக்கிறது. வறுத்த காப்பித் தூளின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு நீரில் கரையக்கூடியது; தூளின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை இறங்கினால் சுவை சரியாக இருக்கும் என்பது காப்பித் தொழிலில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். நுண்ணிய தூள், இறுக்கமான தூள் படுகை, நீண்ட நேரம் ஆகிய மூன்றும் சேர்வதால், தூளில் உள்ளதைப் பெரும்பாலும் வாங்கிவிட்டுத்தான் ஃபில்டர் ஓய்கிறது. போதாக்குறைக்கு, அதே தூளில் இன்னொரு முறை வெந்நீர் ஊற்றி இரண்டாம் டிகாஷன் எடுப்பது நம் அடுப்படிகளின் பழைய பழக்கம். சுவைப் பித்தர்கள் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள்; கசப்பு கூடும் என்பதும் உண்மைதான். ஆயினும் முதல் டிகாஷனோடு சிறிதளவு கலந்துகொண்டால் பால் காப்பியில் அந்த வேறுபாடு தெரிவதில்லை. இத்தனைக்கும் டிகாஷன் இறங்கும் நேரம் முழுவதும் அடுப்பு அணைந்தே இருக்கிறது. காகிதம் இல்லை, மின்சாரம் இல்லை, தேய்ந்துபோகும் ரப்பர் வளையமும் இல்லை.

ஃபில்டரில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. செட்டிநாட்டில் அதன் குறை அளவு சார்ந்தது. ஒரே வளவு வீட்டில் பல புள்ளிகள் (குடும்பங்கள்) சேர்ந்து வாழ்ந்த காலத்து வீடுகளில், பத்துப் பதினைந்து பேருக்குக் காணும் ஃபில்டர்கள்தாம் வாங்கப்பட்டன. இன்று அந்த வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதான இருவர். அகன்ற ஃபில்டரில் இரண்டு பேருக்கான தூளைப் போட்டால் படுகை காகிதம்போல மெலிந்துவிடுகிறது. நீர் அதில் தங்காமல் ஓடிவிடுகிறது. டிகாஷன் வெளிறி இறங்குகிறது. உடனே மறுநாள் இன்னும் இரண்டு கரண்டி தூளைக் கூட்டுகிறோம். தூள் சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்கிறோம். படுகை ஓர் அங்குல உயரமாவது இருந்தால்தான் ஃபில்டர் தன் வேலையைச் செய்யும். வீட்டில் புழங்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற சிறிய எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று வாங்குவது, இந்தக் கட்டுரையில் நான் பரிந்துரைக்கப் போகும் ஒரே புதுக் கொள்முதல்.

யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணத்தில் கூடுதலாகப் போட்டு வைப்பது இன்னொரு குறை. விருந்தோம்பல் நல்ல குணம்தான்; ஆனால் சித்திரை வைகாசி வெயிலில் வெளியே வைத்த டிகாஷன் மாலைக்குள் மணம் கெட்டுப் புளிப்பேறிவிடும். குளிர்பெட்டியில் மூடி வைத்தால் மறுநாள் வரை தாங்கும். தொட்டியில் கொட்டப்படும் டிகாஷனோடு, அதற்காக எங்கோ ஒரு மலையில் விளைந்த கொட்டையும் சேர்ந்தே போகிறது.

பித்தளை ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அழகான பழைய ஃபில்டர்களைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள், உட்புறத்தில் வெள்ளீயப் பூச்சு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டிகாஷன் அமிலத் தன்மை உடையது. பூச்சு போன பித்தளையில் அது மணிக்கணக்கில் நின்றால் செம்பும் துத்தநாகமும் அதில் இறங்கும். நவச்சாரம் தூவி, பாத்திரத்தைச் சூடேற்றி, ஈயம் பூசித் தருகிறவர்கள் முன்பு தெருத் தெருவாக வருவார்கள். இப்போது தேடிப் போக வேண்டியிருக்கிறது. தேடிப் போவது வீண் அலைச்சலன்று. பூச்சைப் புதுப்பித்துக்கொண்டே போனால் ஒரு பித்தளை ஃபில்டர் எத்தனை தலைமுறைக்கும் வரும்; அதைச் செய்ய ஆன உலோகச் செலவை அத்தனை ஆண்டுகளின் தம்ளர்களுக்கும் பங்கிட்டால் ஒரு தம்ளருக்கு விழுவது கணக்கில் எழுதும் அளவுக்குக்கூட இராது.

மோக்கா பாத்திரத்தை இத்தாலியில் 1933-இல் அறிமுகப்படுத்தியவர் அல்ஃபோன்சோ பியாலெட்டி. அடிப் பாத்திரத்தில் நீர் கொதிக்கும்போது எழும் நீராவி அழுத்தம், வெந்நீரைத் தூளின் ஊடாக மேலே தள்ளுகிறது. டிகாஷனுக்கு மிக நெருங்கிய சுவை தருவது இதுதான். பால் சேர்த்தால் நம்மவர்கள் குறை சொல்வதில்லை. ஆனால் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பாத்திரம் முழுவதும் சூடாகியே தீர வேண்டும். 150 மில்லி நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 44 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். 350 கிராம் அலுமினியத்தை அதே அளவுக்குச் சூடாக்க இன்னும் 22 கிலோ ஜூல். இரண்டாவது, அந்த அலுமினியம் எங்கிருந்து வருகிறது என்பது. உருகிய உப்புக் கலவையில் மின்சாரத்தைச் செலுத்தித்தான் அலுமினியத்தைப் பிரிக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் தந்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் எங்கள் ஊரிலேயே இருப்பதால், மின்சாரத்தால் உலோகம் பிரிப்பது பற்றிக் காரைக்குடிக்காரர்களுக்கு நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் மோக்கா பாத்திரம் பல பத்தாண்டுகள் உழைக்கும். அவ்வப்போது ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மகிழ்ச்சியோடு பயன்படுத்தலாம். அலுமினியத்தால் ஆனது இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

பிரெஞ்சு பிரஸ் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதனால் இந்தப் பத்தியில் சற்றுச் சாய்வு இருக்கலாம். இதற்குக் கொரகொரப்பான தூள் வேண்டும். கொரகொரப்பான தூளிலிருந்து சாரம் முழுமையாக இறங்காது. ஆகவே லிட்டருக்கு 55 முதல் 60 கிராம் வரை தூள் போடச் சொல்கிறார்கள். 250 மில்லிக் கோப்பைக்கு 14, 15 கிராம் ஆகிறது. பிறகு கழுவும் வேலை. ஃபில்டரில் சக்கை அடைபோல இறுகியிருக்கும். கவிழ்த்துத் தட்டினால் விழுந்துவிடும். பிரஸ்ஸில் அது குழம்பாக அடியில் தங்கி, சல்லடையிலும் ஒட்டிக்கொண்டு, ஒரு கோப்பைக் காப்பிக்கு இரண்டு கோப்பைத் தண்ணீரைக் கழுவக் கேட்கிறது. ஊருணித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து வந்து குடித்த ஊரில் இது சிறிய விஷயமன்று.

காகித வடிகட்டியை 1908-இல் உருவாக்கியவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ். மகனின் நோட்டுப் புத்தகத்திலிருந்த மையொற்றுத் தாளைக் கிழித்து, துளையிட்ட பாத்திரத்தில் வைத்துப் பார்த்தார். தெளிவான காப்பி கிடைக்கும்; இரத்தக் கொழுப்பைக் கூட்டும் எண்ணெய்ப் பொருள்களைத் தாள் தடுத்துவிடும் என்ற நன்மையும் உண்டு. தாளும் சக்கையும் சேர்ந்தே மட்கிவிடும். நம் ஊரில் அதன் சங்கடம், ஒவ்வொரு கட்டுத் தாளையும் அட்டைப் பெட்டியிலும் பிளாஸ்டிக் உறையிலும் கூரியரில் வரவழைக்க வேண்டியிருப்பதுதான். கல்யாண வீட்டுச் சமையற்காரர்கள் பெரிய அண்டாவின் மேல் துணி கட்டி டிகாஷன் வடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தாளின் வேலையைப் பருத்தித் துணியும் செய்யும் என்று தெரியும். அலசிக் காயவைத்தால் அதே துணி மாதக்கணக்கில் வரும். காற்றழுத்தத்தால் காப்பியைத் தாளின் ஊடாகத் தள்ளும் ஏரோபிரஸ் பிளாஸ்டிக்கால் ஆனது. 2005-இல் அமெரிக்காவில் வந்தது. தூள் குறைவாகக் கேட்கும், எளிதில் கழுவலாம், பயணத்துக்கு நல்லது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எஸ்பிரசோ இயந்திரத்தின் செலவு காப்பி இறங்கும் அரை நிமிடத்தில் இல்லை, அதற்கு முன் சூடேறும் நேரத்தில் இருக்கிறது. 1,200 வாட் இயந்திரம் பத்து நிமிடம் முழு வேகத்தில் சூடேறினால் 0.2 யூனிட் போய்விடும். பத்துப் பேர் வரிசையில் நிற்கும் கடைக்கு அது பொருந்தும். ஒருவர் குடிக்கும் ஒரு கோப்பைக்காக வீட்டில் அதைச் செய்வதை நியாயப்படுத்துவது கடினம்.

இனி கேப்சூல். மருமகன் கேள்வியின் முள் இதில்தான் இருந்தது. ஏனெனில் அந்த இயந்திரம் அவன் வாங்கி அனுப்பியது. கேப்சூல் என்றாலே குற்றவாளி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016-இல் அரசுக் கட்டடங்களுக்குக் கேப்சூல் வாங்கக் கூடாது என்றே விதி செய்தது. ஆனால் கரிமக் கணக்கு, அதாவது பூமியைச் சூடேற்றும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு வெளியாகிறது என்ற கணக்கு, வேறு கதை சொல்கிறது. அலுமினியக் கேப்சூலின் எடை ஒரு கிராம்தான். புதிய அலுமினியம் ஒரு கிலோவுக்கு உலகச் சராசரியாகச் சுமார் 15 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கொண்டால், கேப்சூலுக்கு 15 கிராம். உள்ளே இருக்கும் காப்பி ஐந்தாறு கிராம், அளந்து அடைத்தது. கைதவறிக் கூடுதலாகப் போட வழியில்லை. 2023-இல் கனடாவின் கியூபெக் மாநில ஆய்வாளர்கள் சிலர் 280 மில்லிக் கோப்பைக்குக் கணக்கிட்டபோது, வடிகட்டி இயந்திரக் காப்பிக்கு 25 கிராம் தூளும் கேப்சூலுக்கு 14 கிராமும் எடுத்துக்கொண்டார்கள். தூள் வேறுபாட்டின் காரணமாகவே வடிகட்டிக் காப்பி பின்தங்கியது. இதைக் கேட்டு மருமகன் முகம் மலர்ந்தது. நம் ஃபில்டர் தம்ளரும் அதே ஆறு கிராமில்தான் நிற்கிறது, அலுமினியம் இல்லாமல் நிற்கிறது என்று நினைவூட்டினேன். வெளிநாட்டு நகரங்களில் காலிக் கேப்சூல்களைத் திரும்பப் பெறும் ஏற்பாடு உண்டு. மறுசுழற்சி செய்தால் புதிய அலுமினியத்துக்கு ஆகும் ஆற்றலில் 95 விழுக்காடு மிச்சம். எங்கள் தெருவில் அவை ஈரச் சக்கையோடு குப்பை வண்டியில்தான் ஏறுகின்றன. சக்கையைத் தோண்டி எடுத்து, அலுமினியத்தை அலசி, பழைய இரும்புக்காரரிடம் போட்டால் அவர் எடுத்துக்கொள்வார். அந்தப் பொறுமை உள்ளவருக்குக் கேப்சூல் எதற்கு என்பது என் சந்தேகம்.

உடனடிக் காப்பியின் கரிமச் சுமை, சிக்கரிக் கலப்பு ஃபில்டர் காப்பிக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோதான் வரும். ஒரு கிலோ உடனடித் தூளுக்கு 2.6 கிலோ பச்சைக் கொட்டை என்பது சர்வதேசக் காப்பி வணிகத்தில் வழங்கும் கணக்கு. ஒரு தம்ளருக்கு 2 கிராம் தூள் என்றால் ஐந்து கிராம் பச்சைக் கொட்டை. ஆலையில் உலர்த்தும் ஆற்றல் இதற்கு மேல். சுவையைப் பற்றி நான் பேசவில்லை.

எரிபொருளுக்கு வருவோம். நான்கு தம்ளருக்கான நீரையும் பாலையும் காய்ச்சத் தேவையான வெப்பம் 200 கிலோ ஜூல் அளவு; அதில் பெரும்பங்கு, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாலைப் பொங்க வைப்பதற்கே போகிறது. அடுப்பின் திறன் 60 விழுக்காடு என்றால் தம்ளருக்கு எரியும் கேஸ் 2 கிராம். அதிலிருந்து வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு 6 கிராம். மின்சாரக் கெண்டி தூய்மையானது என்று நினைப்பவர்கள், நம் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதை மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கக் கெண்டிக்கு 0.1 யூனிட் ஆகும். யூனிட்டுக்கு 700 கிராம் என்ற வீதத்தில் அது 70 கிராம் கார்பன் டை ஆக்சைடு. அதையே கேஸ் அடுப்பில் செய்தால் 32 கிராம். மாடியில் சூரியத் தகடு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். ஆனால் நாட்டு ஓடு வேய்ந்த சரிவுக் கூரைகளும் முற்றங்களும் கொண்ட வீடுகளில் தகடு பொருத்துவது எளிதன்று. எதில் காய்ச்சினாலும், 200 மில்லி தேவைப்படும் இடத்தில் ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்காதிருப்பதுதான் பெரிய சேமிப்பு.

தண்ணீர்க் கணக்கில் நம் வட்டாரத்துக்கென்று ஒரு பத்தி உண்டு. கடினமான நிலத்தடி நீரை நம்பியிருக்கும் வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரம் வந்துவிட்டது, அது ஒரு லிட்டர் குடிநீர் தர, இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகிறது. அதில் போட்ட காப்பி சப்பென்றிருப்பதாகச் சொல்பவர்கள் பிரமையில் பேசவில்லை. காப்பியின் சாரம் ஒழுங்காக இறங்க நீரில் ஓரளவு கால்சியமும் மக்னீசியமும் வேண்டும். லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவுக்குக் கரைபொருள் உள்ள நீரே சிறந்தது என்பது சிறப்புக் காப்பிச் சங்கத்தின் பரிந்துரை. சம்பை ஊற்றுத் தண்ணீரில் போட்ட காப்பியின் ருசியைக் காரைக்குடிப் பெரியவர்கள் இன்றும் சொல்வதில் வேதியியல் நியாயம் இருக்கிறது. குழாயில் நல்ல தண்ணீர் வரும் தெருக்களில் ஆர்.ஓ. நீரைக் காப்பிக்குப் பயன்படுத்தத் தேவையே இல்லை. முற்றத்தில் பிடித்து வைத்த மழை நீர் கிடைத்தால், அது ஆர்.ஓ. நீரைப் போலவே மென்மையானது. குழாய் நீரோடு கலந்துகொள்ளலாம்.

இதுவரை எழுதியதெல்லாம் சில்லறை. மொத்தச் செலவு தூளிலும் பாலிலும் இருக்கிறது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நாப், மாஸ்லின் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிரேசிலிலும் வியட்நாமிலும் வழக்கமான முறையில் விளைந்து பிரிட்டன் சென்று சேர்ந்த அராபிகா பச்சைக் கொட்டையின் கரிமச் சுமை கிலோவுக்கு 15.33 கிலோ, அதையே செயற்கை உரத்தைக் குறைத்து விளைவித்து, விமானத்துக்குப் பதில் கப்பலில் அனுப்பினால் 3.51 கிலோ. ஒரே பொருளுக்கு நான்கு மடங்குக்கு மேல் வேறுபாடு. எந்தப் பாத்திரத்தை மாற்றினாலும் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காண முடியாது. நம் கடைகளுக்கு வரும் கொட்டை குடகு, சிக்கமகளூர், ஏற்காடு, தாண்டிக்குடி, வால்பாறைப் பக்கங்களில் பெரும்பாலும் மர நிழலில் விளைந்து லாரியில் வருவது. அதனால் அது இந்த இரண்டு எண்களில் சிறியதற்கு அருகில் இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆயினும் உரம் அதிகம் போடும் தோட்டமும் நிழல் மரத்தை வெட்டிய தோட்டமும் இங்கும் உண்டு. ஒரு கோப்பைக்கு 140 லிட்டர் நீர் என்று அடிக்கடி எடுத்துக் காட்டப்படும் எண்ணும் பெரும்பகுதி அந்த மலைகளில் பெய்யும் மழையையே குறிக்கிறது. நம் குழாயை அன்று.

சிக்கரியைக் கலப்படம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சமவெளியில் விளையும் கிழங்கு அது. காப்பியைவிட அதில் கரைபொருள் அதிகம் என்பதால் டிகாஷனுக்கு நிறமும் கெட்டியும் தருகிறது. அந்த அளவுக்குக் காப்பிக் கொட்டை குறைவாகப் போதுமானதாகிறது. கலவையில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது சட்டம். நான் 80-க்கு 20 வாங்குகிறேன், எங்கள் தெருவில் பலர் 70-க்கு 30. கடையில் கண்ணெதிரே அரைத்து வாங்குவதும், எவர்சில்வர் டப்பாவைக் கையோடு கொண்டுபோவதும், ஒரு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்காதிருப்பதும் சிக்கனத்தின் பகுதிதான். மணம் போன தூளை, அளவைக் கூட்டித்தான் ஈடுகட்ட முடியும். சக்கையைப் பொறுத்தவரை, ஓரளவு தழைச்சத்து உள்ள அதை இலைச் சருகோடு கலந்து மட்கவிட்டால் மல்லிகைக்கு நல்லது. நேராகத் தொட்டியில் கொட்டினால் இறுகி நீரைத் தடுக்கும்.

இப்போது பால். ஒரு லிட்டர் பாலின் உலகச் சராசரிக் கரிமச் சுமை சுமார் 3 கிலோ. நம் தம்ளரிலுள்ள 100 மில்லிக்கு 300 கிராம். நம் மாடுகள் வைக்கோலையும் தவிட்டையும் தின்று வாழ்வதால் தீவனத்துக்காகக் காடு அழிவதில்லை என்பது உண்மை. கறவை குறைவாக இருப்பதால் ஒரு லிட்டருக்கு வெளியாகும் மீத்தேன் அதிகம் என்பதும் உண்மை. எப்படிப் பார்த்தாலும் இந்த எண் பத்து இருபது கிராமுக்குச் சுருங்காது. ஆக ஒரு தம்ளரின் ஐந்தொகை இப்படி வருகிறது: எரிபொருள் 6 கிராம்; காப்பித் தூள் (ஆறு கிராமுக்கு ஏறத்தாழ ஏழு கிராம் பச்சைக் கொட்டை என்று கொண்டால்) விளைந்த விதத்தைப் பொறுத்து 25 முதல் 105 கிராம்; பால் 300 கிராம். எந்தப் பாத்திரம் என்ற மருமகனின் கேள்வி, எழுதி முடித்த தாளில் ஓரத்துக் குறிப்பாகிவிட்டது. முன்சொன்ன ஆய்விலும் எஸ்பிரசோவுக்கு 0.28 கிலோ என்றும், பால் சேர்த்த லாட்டேவுக்கு 0.55 கிலோ என்றும்தான் வந்தது.

அப்படியானால் கடுங்காப்பிதான் வழியா என்றால், செட்டிநாட்டுக்கு அது அந்நியமில்லை. கருப்பட்டிக் காப்பி இங்கே நெடுங்காலமாக இருக்கிறது. அதைப் பாலோடு குடிப்பவர்களைவிடப் பாலில்லாமல் குடிப்பவர்களே அதிகம். இராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கத்திலிருந்து வரும் கருப்பட்டி, நீர் பாய்ச்ச வேண்டாத பனையிலிருந்து கிடைப்பது. பதநீரைக் காய்ச்ச நிறைய விறகு எரிகிறது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த விறகு பெரும்பாலும் பனை மட்டையும், அழித்தாலும் மீண்டும் முளைக்கும் சீமைக் கருவேலும்தான். கடுங்காப்பிக்குச் சிக்கரி குறைந்த, அன்றே அரைத்த தூள் வேண்டும். பால் மறைக்கும் குறைகள் எல்லாம் இதில் வெளியே தெரிந்துவிடும். ஆகவே இரண்டாம் டிகாஷனும் இதற்கு ஆகாது. கருப்பட்டியைத் தனியே கரைத்து, மண் நீங்க வடிகட்டி, சூடான டிகாஷனோடு சேர்த்து வெந்நீரால் நெகிழ்த்துவதே எங்கள் வீட்டுப் பக்குவம்.

இந்தக் கணக்கையெல்லாம் ஆத்தாவிடமும் படித்துக் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பால் விடாத காப்பியக் காச்சக்காரனுக்குல்ல குடுப்பாக” என்றார். காலைக் காப்பியில் நானும் பாலைக் குறைக்கவில்லை. பிற்பகல் காப்பி மட்டும் கருப்பட்டிக்கு மாறியிருக்கிறது, அதுவும் என் தம்ளரில் மட்டும். பெரிய ஃபில்டர் இனி கல்யாணத்துக்கும் படைப்புக்கும்தான் இறங்கும். கேப்சூல் இயந்திரத்தை அடுத்த முறை வரும்போது எடுத்துப் போவதாக மருமகன் சொல்லியிருக்கிறான். மோக்கா பாத்திரம் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.